நடுவில் ஒரு துண்டுத் துணி

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், செங்குத்தான இரும்பு ஏணி ஏறினால் அந்தத் தையல் அறை. நான்கு மெஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் துண்டுத் துணி மூட்டை. நடத்துபவர் 1970களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர். இந்திக்காரர்களுக்கு மாஸ்டர், ஊர்க்காரர்களுக்கு அண்ணாச்சி. நாற்பது வருடங்களுக்கு மேலாக அவர் தைத்ததெல்லாம் சல்வார், சுடிதார், பைஜாமா. குதிரையைப் பக்கத்தில் பார்த்தது ஜூஹு கடற்கரையில் மட்டும்தான்.

அவரிடம்தான் செம்பூர் மாமி ஒருவர் வினோதமான வேலையோடு வந்தார். மாமியின் 14 வயது மகள் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் குதிரையேற்றம் கற்கச் சேர்ந்திருந்தாள். அதற்கென்று தனிக் கால்சட்டை வேண்டுமாம். கடையில் கேட்ட விலைக்கு வீட்டில் இரண்டு பேருக்குத் தீபாவளித் துணி எடுத்துவிடலாம். "நீங்க தைக்கிற சுடிதார் மாதிரிதான் இருக்கு மாஸ்டர். கொஞ்சம் தடிமனான துணியிலே தச்சுக் கொடுங்கோ" என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார் மாமி.

மாஸ்டர் பேண்ட் தைப்பது போலவே தைத்துக் கொடுத்தார். முதல் வகுப்பு அரை மணி நேரம். பெண் இறங்கும்போது தொடையின் உட்புறத் தோல் வழண்டிருந்தது. கால்சட்டை நடுவில் ஒரு ஜாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

மாஸ்டர் அதை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தார். நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் வந்து சந்திக்கின்றன. நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்தப் புள்ளிக்கு வேலை இல்லை. குதிரையின் முதுகில் காலை அகட்டி உட்கார்ந்தால் மொத்த இழுவையும் அங்கேதான். போதாக்குறைக்கு, தையலின் தடித்த விளிம்பு சேணத்துக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அரம் போல ராவுகிறது. "நிக்கதுக்குத் தைக்கது வேற, உக்காரதுக்குத் தைக்கது வேற மாமி. மியானி வச்சிருக்கணும். எம் புத்திதான் போகல" என்றார்.

மியானி என்பது சல்வாரிலும் சுடிதாரிலும் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துத் தைக்கும் தனித் துண்டு. பெரும்பாலும் வைர வடிவில் இருக்கும். அது வந்ததும் நான்கு தையல்களும் சந்திக்கும் புள்ளி காணாமல் போகிறது. இழுவை நான்கு பக்கமும் பரவுகிறது. தையல்கள் உட்காரும் இடத்தை விட்டு விலகிப் போகின்றன. பாரசீக மொழியில் மியான் என்றால் நடு. சல்வாரும் பாரசீகம், பைஜாமாவும் பாரசீகம், கால் உடை என்று பொருள். தாராவியில் இந்தியும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே இந்தத் துண்டை வெட்டுகிறவர்கள், குதிரை மேல் வாழ்ந்த மனிதர்களின் கணக்கு ஒன்றைத் தெரியாமலே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு பழையது? இதுவரை கிடைத்த கால்சட்டைகளில் மிகப் பழையவை சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், துர்பானுக்கு அருகே யாங்ஹாய் இடுகாட்டில் எடுக்கப்பட்டவை. கம்பளி நூலால் நெய்தவை. 2014-ல் வெளியான கார்பன் சோதனை அவற்றை கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. கூடப் புதைத்திருந்த பொருள்களில் குதிரைச் சவுக்கும் கடிவாளமும் இருந்தன. அதில் வெட்டிய துணியே இல்லை. இரண்டு கால்களுக்கு இரண்டு துண்டு, நடுவுக்கு அகலமாக ஒரு துண்டு என மூன்றையும் தறியிலேயே வேண்டிய வடிவத்துக்கு நெய்து இணைத்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மியானி இருந்திருக்கிறது. மாஸ்டரிடம் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார். "பிறவு, அது இல்லாம எப்படி ஏறுவான்?" என்றுதான் கேட்பார்.

இரண்டாவது கால்சட்டை சரியாக அமைந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாட்டுங்காவில் தாத்தா இல்லாமல் இருந்திருந்தால்.

அன்று தாத்தாவுடைய அம்மாவின் திதி. பெண் ரேஸ்கோர்ஸிலிருந்து நேராக, அந்தக் கால்சட்டையோடு, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தாள். தாத்தா கத்தவில்லை. "கூடத்திலேயே உட்காரு. உள்ளே வராதே. அது நம்ம உடுப்பு இல்லை. தைச்ச துணியே முகலாயன் கொண்டு வந்ததுதான்" என்று மட்டும் சொன்னார். வைதிக காரியத்துக்குத் தைக்காத துணி என்பது அவர் வளர்ந்த முறை; அதைப் பெண்ணும் அறிவாள். அவளுக்குத் தைத்தது அந்தக் கடைசி வாக்கியம். உள்ளே பாட்டி மடிசாரில் சமைத்துக்கொண்டிருந்தாள். "பாட்டி கட்டிண்டிருக்கிறதிலேதான் குதிரை ஏற முடியும் தாத்தா. உங்க வேஷ்டியிலே முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பெண், ஒரு மாதம் மாட்டுங்கா பக்கமே வரவில்லை. பேச்சுவார்த்தை செல்போனில் மட்டும் நடந்தது. அதுவும் முழுக்க முழுக்கத் துணியைப் பற்றி.

மடிசாரைப் பற்றி அவள் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் மும்பையில் அதைப் பலர் நிஜமாகவே நம்புகிறார்கள். மராட்டியப் பெண்களின் ஒன்பது கெஜப் புடவையும் மடிசாரைப் போலத் துணியைக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் செருகுவதுதான். போருக்குப் போன பெண்கள் குதிரை ஏறுவதற்காக அப்படிக் கட்ட ஆரம்பித்தார்கள் என்று கதை சொல்வார்கள். கதை அழகாக இருக்கிறது, காலம்தான் ஒத்துவரவில்லை. நடுவே வாங்கிக் கட்டும் கச்சம் கி.மு. காலத்துப் பார்ஹுத், சாஞ்சி சிற்பங்களிலேயே இருக்கிறது. குதிரை ஏறுகிறவர்கள் மட்டும் கட்டியதும் அல்ல. சாஞ்சியில் குதிரை மேல் இருப்பவர்களும் கச்சம் கட்டியவர்களே. பாதம் முழுவதும் நுழையும் அங்கவடி அப்போது கிடையாது, கட்டைவிரலை மட்டும் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். வெறுங்காலோடு, தைக்காத துணியோடு நன்றாகவே குதிரை ஓட்டியிருக்கிறார்கள். அந்த வகையில் தாத்தா சொன்னது பாதி சரி. இந்த மண்ணின் சவாரி உடை முதலில் தைத்ததல்ல.

மீதிப் பாதிக்குத்தான் பெண் ஆதாரம் தேடினாள். கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அழைத்துப் போயிருந்தார்கள். குஷாணர் காசுகளில் நிற்கும் அரசன் முழங்கால் வரை தொங்கும் அங்கி, கால்சட்டை, பூட்ஸ் சகிதமாக இருந்தது அவளுக்கு நினைவில் இருந்தது. மதுரா அருங்காட்சியகத்தில் இருக்கும் கனிஷ்கரின் தலையில்லாச் சிலையும் அப்படித்தான். 1911-ல் மாட் என்ற கிராமத்தில் கிடைத்தது அது. விறைப்பாக விரிந்த நீண்ட அங்கி, கனமான பூட்ஸ், பெயரைச் சொல்லும் எழுத்துப் பொறிப்பு, இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கில் கி.பி. 127-ல் ஆட்சி தொடக்கம். இந்தியாவில் கால்சட்டை அணிந்த ஆளுக்கு இதைவிடத் தெளிவான அடையாள அட்டை வேண்டியதில்லை. மதுராவின் மே மாத வெயிலில் அந்த பூட்ஸுக்குள் கால் என்ன பாடு பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

"குஷாணன் வெளியே இருந்து வந்தவன்தானே" என்றார் தாத்தா. நியாயமான பதில். ஆனால் குஷாணருக்குப் பின் வந்த குப்தர்களை அப்படிச் சொல்ல முடியாது. 4-ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தரின் பொற்காசுகளில் அவர் குஷாணர் பாணி அங்கியும் கால்சட்டையுமாக நிற்கிறார். பழைய காசின் அமைப்பைப் பின்பற்றி அடித்தார்கள், அவ்வளவுதான் என்று வாதிடலாம். பலர் வாதிடவும் செய்தார்கள். ஓவியத்தைப் பார்க்கும்போது அந்த வாதம் சற்றுத் தளர்கிறது.

ஓவியம் என்றால் அஜந்தா. அந்தச் சுவர்களை உலகுக்குக் காட்டியதில் பம்பாய்க்குப் பங்கு உண்டு. 1872 முதல் 1885 வரை ஜே.ஜே. ஓவியப் பள்ளி மாணவர்கள் ஜான் கிரிஃபித்ஸின் தலைமையில் குகைகளில் தங்கி ஓவியங்களைப் படியெடுத்தார்கள். லண்டனுக்கு அனுப்பப்பட்ட அந்தப் படிகளில் பல 1885-ல் தீவிபத்தில் போயின. அதே சமயம் உடைகளைப் பற்றி ஒரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. முதல் குகையில் கூர்மையான தொப்பியும் அங்கியும் அணிந்த வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள். ஜேம்ஸ் ஃபெர்குசன் 1879-ல் ஒரு தீர்ப்பு எழுதினார்: சுவரில் இருப்பது பாரசீகத் தூதுக்குழு, கூரையில் மது அருந்திக்கொண்டிருப்பவர் பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோ, தூது ஏற்பவர் சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த அதே புலிகேசி. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததை அரபியில் எழுதிய வரலாற்றாசிரியர் தபரி குறித்திருக்கிறார். எனவே ஓவியத்தின் காலம் கி.பி. 625 வாக்கில் என்று முடிவாயிற்று. உடையின் காலமும் அதுவே.

நூறு ஆண்டுகளுக்குமேல் இந்தக் கதை பாடப்புத்தகங்களில் ஓடியது. அமெரிக்க அறிஞர் வால்டர் ஸ்பிங்க் தன் வாழ்நாளையே அஜந்தாவின் காலவரிசைக்குச் செலவிட்டு, வாகாடக மன்னர் ஹரிசேனரின் காலத்தில், 460-களிலும் 470-களிலும், குகைகள் மளமளவென்று உருவாயின என்றார். ஒவ்வொரு வருடத்தையும் அவர் பிரித்துச் சொல்லும் துல்லியத்தை எல்லோரும் ஏற்பதில்லை. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். குஸ்ரோ அரியணை ஏறியதோ 590-ல். ஆக, அந்த அங்கிக்காரர்கள் எந்தத் தூதுக்குழுவும் அல்ல. அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் முன்பே அந்த உடை தக்காணத்து ஓவியனின் கண்ணில் பட்டுவிட்டது. 17-ஆம் குகையில் புத்தரைக் காண வரும் கூட்டத்தில் குதிரை மேல் வருகிற வெளிநாட்டவர்களும் உண்டு. ஓவியன் அவர்களை வேடிக்கைப் பொருளாக வரையவில்லை. தினசரி பார்த்தவர்களைப் போல வரைந்திருக்கிறான்.

இதே தவறு எகிப்திலும் நடந்தது. நைல் நதிக்கரையில் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130-ல் நிறுவிய ஆண்டினோவே நகரின் கல்லறைகளை 1896 முதல் பிரெஞ்சுக்காரர் ஆல்பர் கயே தோண்டினார். வறண்ட மணல் துணியை அப்படியே காத்து வைத்திருந்தது. எகிப்தில் யாரும் எதிர்பாராத உடைகள் வெளிவந்தன: முன்புறம் திறந்த நீளமான கம்பளிச் சவாரி அங்கிகள், விரல் நுனியையும் தாண்டித் தொங்கும் குறுகிய கைகள், ஓரங்களில் பட்டு, கூடவே தனித்தனிக் கால் உறைகள். பாரசீகப் பாணி என்பது பார்த்ததுமே தெரிந்தது. பாரசீகப் படை எகிப்தை 619 முதல் 629 வரை பிடித்து வைத்திருந்தது. அந்த அதிகாரிகளுடைய உடுப்பாக இருக்கும் என்று கணக்கு நேர் செய்யப்பட்டது. பிறகு கார்பன் சோதனை நடந்தபோது 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 7-ஆம் நூற்றாண்டு வரை என்று காலம் விரிந்தது. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் அடைக்க முடியவில்லை. பாரசீகன் வருவதற்கு முன்பே அவனுடைய சவாரி அங்கியை எகிப்து நகரத்துக்காரன் ஆசையாகப் போட்டுக்கொண்டிருக்கலாம். இன்று ஜீன்ஸ் போடுகிறவரெல்லாம் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியா என்ன?

துணியைப் பார்த்ததும் அதற்கு ஒரு படையெடுப்பைத் தேடுவது வரலாற்றாசிரியர்களின் பழைய பழக்கம். மாட்டுங்கா தாத்தா செய்ததும் அதையேதான்.

பெண்ணின் கடைசிச் சீட்டு பாணபட்டர். அதை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது அவளுடைய வரலாற்று ஆசிரியை. 606 முதல் 647 வரை ஆண்ட ஹர்ஷரின் அவைக்களப் புலவர் அவர். 'ஹர்ஷ சரித'த்தின் ஏழாம் பகுதியில் ஹர்ஷர் படையோடு புறப்படுகிறார். துணைக்கு வரும் அரசர்கள் ஒவ்வொருவரும் உடுத்தியிருப்பதை பாணர் ஒரு தையல்காரரின் கண்ணோடு வர்ணிக்கிறார். கணுக்காலில் இறுகும் ஸ்வஸ்தானம், தளர்வான பிங்கா, குட்டையான சதுலா என்று கால்சட்டையிலேயே மூன்று வகை. மேலே போடுவதற்குக் கஞ்சுகம், ஈரானியப் பெயருள்ள வாரபாணம், சீனப் பெயருள்ள சீனசோலகம், கை குறுகிய கூர்ப்பாசகம். வாசுதேவ சரண் அகர்வாலா 1953-ல் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் கண்டார். பம்பாயில் அன்றைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த மோதி சந்திராவும் 1950-லேயே பண்டைய இந்திய உடைகளைப் பற்றித் தனி நூல் எழுதியவர். இந்த அரசர்கள் வெளிநாட்டவர்கள் அல்ல. பாபர் டெல்லிக்கு வந்தது 1526-ல். அதற்கு 900 ஆண்டுகள் முன்பே இங்கே கால்சட்டைக்கு மூன்று பெயர்கள் இருந்தன.

தாத்தா இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், "அதெல்லாம் வடக்கே. நம்ம பக்கம்?" என்று ஒரு வரி. அவரிடம் உ.வே.சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு தினமும் நாலு பக்கம். அந்த இரண்டு நாளும் அவர் தேடியது முல்லைப்பாட்டில். பாசறையில் அரசனின் கூடாரத்தைக் காக்கும் யவனர்கள் அங்கே அணிந்திருப்பது மெய்ப்பை. மெய்யை உள்ளே போடுகிற பை. தைத்த சட்டையைப் பார்த்த தமிழனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தோன்றும்! இடுப்பிலே மத்திகை, அதாவது குதிரைச் சவுக்கு. கிரேக்கத்தின் மாஸ்டிக்ஸ் என்ற சொல்லோடு அதை ஒப்பிடுவார்கள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவனிடம் வடக்கிலிருந்து வருகிற சஞ்சயனின் கூட்டம் கஞ்சுக முதல்வர்கள், ஆயிரம் பேர். சீவக சிந்தாமணியில் மிலேச்சன் ஒருவன் குப்பாயம் அணிந்திருக்கிறான். குப்பாயத்தை பாணரின் கூர்ப்பாசகத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

எல்லாம் தாத்தாவின் பக்கமே பேசுகின்றன. சட்டை இருக்கிறது, போட்டிருப்பவன் அயலான். தெற்கில் அரசவையே நீண்ட அங்கிக்கு மாறியது விஜயநகர காலத்தில். கபாயி என்ற அங்கியும், நமக்கு இன்றும் பழக்கமான சொல்லான குல்லாயும் அப்போது வந்தவை. கடல் கடந்து குதிரை வாங்கிய ராஜ்ஜியம் அது. தாத்தா வெற்றிச் செய்தி அனுப்பினார். கூடவே, அவரை அறியாமல், ஒன்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். முல்லைப்பாட்டு முகலாயருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. "அப்போ முகலாயன் கொண்டு வரலே இல்லையா?" என்று பெண் உடனே கேட்டாள். "யவனன் கொண்டு வந்தான்" என்றார் தாத்தா. "அப்ப யவனனைத் திட்டுங்கோ." பாட்டி பக்கத்திலிருந்து சிரித்தது போனில் கேட்டது.

கால்சட்டையின் பயணம் ஒருவழிப் பாதையும் அல்ல. ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு போலோ குழுவோடு லண்டன் போனார். தொடையில் அகன்று, முழங்காலுக்குக் கீழே இறுகிய அவருடைய கால்சட்டையை ஆங்கிலேயர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்; ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது சுடிதாரின் பிள்ளை. செம்பூர் மாமி செல்போனில் காட்டிய படம் அதனுடைய பேரப்பிள்ளை. தாராவி மாஸ்டரிடம் வந்தபோது அது தாய்வீட்டுக்குத்தான் வந்திருந்தது. அவருக்குத்தான் முதலில் அடையாளம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் மாட்டுங்காவுக்குப் போனாள். அதே கால்சட்டை. அன்று திதி இல்லை. தாத்தா உள்ளே வரச் சொன்னார். காபி ஆனதும், மாற்றுத் துணி இருக்கிறதா என்று கேட்டு, கால்சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, அதை உட்புறமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்த வைர வடிவத் துண்டின் நான்கு ஓரங்களிலும் இரட்டைத் தையல். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன பேர்?"

"மியானியாம்."

"தமிழ்லே?"

பெண்ணுக்குத் தெரியவில்லை. மாமி மாஸ்டருக்கு போன் போட்டார். எதிர்முனையில் மெஷின் ஓடும் சத்தம். மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஊர்ல நாங்க டவுசர்தானம்மா தச்சோம். அதுக்கு இது கெடையாது. இங்க வந்துதான் படிச்சேன். மியானின்னுதான் சொல்லுவோம்... பாப்பாவுக்குத் துணி இன்னும் முக்கா மீட்டர் கெடக்கு. முட்டிக்கு உள்பக்கம் ஒரு ஒட்டுப் போட்டா இன்னும் நாள் வரும், கொண்டாந்து குடுங்க."

தாத்தா அதற்குள் பீரோவிலிருந்து அகராதியை எடுத்திருந்தார்.